பச்சை டின்னும் என் தலைவலியும்

உப்புவெளியில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வெளிநாட்டார் வந்து தங்குகிற விடுதிகளுக்கு நடுவே, எங்கள் கம்பெனி ஒரு தேநீர்க்கூடம் திறந்திருக்கிறது. கண்ணாடிச் சுவர், பிரம்புக் கதிரைகள், அலுமாரி நிறைய நிறம் நிறமாகத் தேயிலை டின்கள். நான் வேலையிலிருந்து இளைப்பாறின பிறகு வந்த கூடம் அது. நடுத்தட்டில், வாசலால் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படும்படியாக, ஒரு பச்சை டின்னை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் ஆகக் கூடுதலாக விலைபோவது அதுதான். டின்னின் பின்பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு கதை அச்சடித்திருக்கிறது. திருகோணமலைக் கரையோரத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்காற்றுக்கு மருந்தாகக் குடித்துவந்த மூலிகைத் தேநீராம் அது.

தலைமுறையாவது மண்ணாங்கட்டியாவது. அது என்னுடைய தலைவலி.

போன மாதம் அந்தக் கூடத்தை நடத்துகிற இளம் முகாமையாளர் என்னைக் கதிரையில் இருத்தி, ஒரு கோப்பையும் கையில் தந்துவிட்டுக் கேட்டார். "ஐயா, சுவைத் தேயிலை தொடங்கின காலத்தில நீங்கள் உள்ளுக்கு இருந்தனீங்கள்தானே. வாற சனத்துக்குச் சொல்ல ஏதாவது இனிமையான கதை எழுதித் தாங்கோவன்."

ஓம் என்று தலையாட்டிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இனிமையைத் தள்ளிக்கொண்டு எரிச்சல்தான் முன்னுக்கு வந்து நிற்கிறது. முப்பத்தொரு வருட வேலையை எரிச்சல் இல்லாமல் எழுத எனக்கு ஏலாது. பொறாமை என்றே சொல்லிவிடுகிறேனே. வயது போன பிறகு எதற்கு மறைப்பு?

எங்கள் களஞ்சியம் சீனன்குடாப் பக்கம், துறைமுகத்தின் உட்கரையில் இருந்தது. மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிற தேயிலையைக் கலந்து, பொதி செய்து, கப்பலுக்கு அனுப்புகிற இடம். நான் சேர்ந்தது கோப்பை கழுவ. ஐந்து வருடம் கழுவினேன். மூன்று வருடம் தராசடியில் நின்றேன். அதன் பிறகுதான் கரண்டி கைக்கு வந்தது. கரண்டி வந்தால் உதவிச் சுவைஞர் என்று பெயர். தேநீரை வாயில் எடுத்து நல்லது கெட்டது சொல்லுகிற வேலை. என் மாமனாருக்கு இதை ஒரு வேலை என்று விளங்கப்படுத்த என்னால் கடைசிவரைக்கும் முடியவில்லை. "தேத்தண்ணி குடிக்கிறதுக்கும் சம்பளமோ?" என்று கேட்டபடியே போய்ச் சேர்ந்தார்.

குடிக்கிறதில்லை, அதுதான் விஷயம். சுவை அறையில் வடக்குப் பக்கம் மட்டும்தான் யன்னல், வெயில் நேரே விழக்கூடாது. நீளமான வெள்ளை மேசை. ஒவ்வொரு தேயிலைக்கும் ஒரு டின், ஒரு மூடி போட்ட குவளை, ஒரு கிண்ணம். இலையை நிறுத்துப் போட வேண்டும். தண்ணீர் ஒருமுறைதான் கொதிக்கலாம். ஆறித் திரும்பக் கொதித்த தண்ணீர் தேயிலையின் உயிரை எடுத்துவிடும். ஊற்றி மூடி ஆறு நிமிடம். பிறகு குவளையைக் கிண்ணத்தின் மேல் சரித்து வடிய விட்டு, ஊறின இலையைக் கவிழ்த்த மூடியில் தட்டி வைக்க வேண்டும். அதன்பிறகு கரண்டி. அள்ளி, காற்றையும் சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கின் பின்பக்கத்துக்கும் மூக்குக்கும் ஏற்றி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். ஒரு காலையில் நூறு கிண்ணம்கூடப் போகும். எல்லாவற்றையும் விழுங்கினால் மத்தியானத்துக்குள் கை நடுங்கத் தொடங்கிவிடும்.

பிரதம சுவைஞர் பெரேரா சேர். குருநாகல் பக்கத்து மனிதர். தமிழைக் களஞ்சியத்துச் சனத்திடம் கேட்டே பழகினவர். மத்தியானம் வரைக்கும் வெங்காயம், உள்ளி, மிளகாய் தொடமாட்டார். ஒரு தேயிலை பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார். கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு தரம் தட்டுவார். அந்தச் சத்தத்தோடு ஒரு தோட்டத்தின் ஒரு மாத உழைப்பு முடிந்துவிடும். பிடித்திருந்தால் "பரவாயில்ல" என்பார். அதற்கு மேலே ஒரு சொல் அவரிடம் கிடையாது என்றுதான் பத்தொன்பது வருடமாக நான் நம்பியிருந்தேன்.

அவருடைய காலைச் சடங்கைச் சொல்லாமல் விட ஏலாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். மீன் கூடைக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் வைத்தால் அது மீன் தேயிலைதான். ஆகவே காலை எட்டு மணிக்கு அறை வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவருடைய உள்ளங்கையையும் பிடித்து, குனிந்து மணந்து பார்த்துத்தான் விடுவார். பூ, பவுடர், சென்ட், வெற்றிலை, சிகரெட் எதுவும் ஏலாது. தலைவலித் தைலம் என்றால் பேச்சே இல்லை. என்னோடு கோப்பை கழுவிய ஒருவர் மூக்கடைத்த தடிமனுக்குத் தைலம் பூசிக்கொண்டு வந்து, மேசையில் இருந்த தேயிலை முழுதும் பழுதாகி, அந்தக் கிழமையே வேலையால் நிறுத்தப்பட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு வீட்டில்கூடத் தைலம் என்றால் பயம்.

பிறகுதான் சுவைத் தேயிலை வந்தது. வெளிநாட்டில் பழமும் பூவும் வாசனைச் சரக்கும் போட்ட தேயிலையாகக் கேட்கிறார்கள், செய்து பாருங்கள் என்று கொழும்பிலிருந்து ஒரு கடிதம். பெரேரா சேர் அதை வாசித்துவிட்டு மேசை விளிம்பில் இரண்டு தரம் தட்டினார். ஆனாலும் ஒரு பெட்டி நிறையக் குப்பிகள் வந்து இறங்கிவிட்டன.

நான் முதல் திறந்தது ஆரஞ்சு மாதிரி ஏதோ ஒரு தோடம்பழச் சாதியின் தோல் எண்ணெய். மூடியைத் திருகினதுதான் தாமதம், அறையே வேறு அறையாகிவிட்டது. பதினொரு வருடம் கசப்பையும் துவர்ப்பையும் மட்டும் தேடித் திரிந்த மூக்குக்கு அது திருவிழா. அன்று பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து, மற்றக் கையை மணந்துகொண்டே போய், ஒரு ஓட்டோவோடு மோதப் பார்த்தேன். கறுவாப்பட்டையைத் தூளாக்கிப் போட்டால் சாயம் கலங்கும், சின்னத் துண்டாக வெட்டினால் தெளிவாக இருக்கும். தேசிக்காய்த் தோல் வெயிலில் காய்ந்தால் கசக்கும், நிழலில் காய வேண்டும். மல்லிகைப் பூவைத் தேயிலையோடு மூடி வைத்து, பிறகு பூவைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். பூ போய்விடும், மணம் நின்றுவிடும். முதன்முதலில் அதைச் செய்து பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்னாசி எசன்ஸ் போட்ட தேயிலை மட்டும் புதுச் செருப்பு மாதிரி மணத்தது. பெரேரா சேர் அந்தக் கிண்ணத்தை நாலு தரம் தட்டினார். எங்கள் வீட்டுக் குசினியில் ஏலக்காய்ப் போத்தலும் கராம்புப் போத்தலும் அடிக்கடி காணாமல் போயின. அந்த நாலைந்து மாதம்தான் என் வேலைக்காலத்தின் ஆக இனிமையான காலம். இளம் முகாமையாளர் விரும்பினால் இந்தப் பந்தியை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

சுவைத் தேயிலைக்கென்று தனிப் பிரிவு வரும், ஒரு பொறுப்பாளரைப் போடுவார்கள் என்று கதை அடிபட்டது. வேறு யார்? பெரேரா சேரைத் தவிரக் கரண்டி பிடித்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தானே. மனைவியிடம் சொன்னேன். மைத்துனரிடமும் சொன்னேன். பெயர் குத்தின வெள்ளைக் கோட்டுக்கு எந்த அளவு சரிவரும் என்று கண்ணாடியில் தோளைப் பார்த்து வைத்தேன்.

சுவை அறைக்கும் பொதி செய்கிற மண்டபத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. அந்தப் பக்கம் பெண்கள் வரிசையாக நின்று டின்னுக்கு லேபல் ஒட்டுவார்கள். அதில் ஒருவர் நஸீரா. கிண்ணியா ஆள், அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் லேபல் கட்டு கொடுக்க அறை வாசலுக்கு வந்தவர், திரும்பிப் போகாமல் நின்று மூக்கைச் சுளித்தார்.

"சேர், அந்த ஏலக்காய் பழசு."

மேசையில் இருந்த ஏலக்காயை அன்று காலைதான் நான் மணந்து, நல்லது என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன். பெரேரா சேர் ஒரு காயை நகத்தால் உடைத்தார். மணந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கனகு, இது யாரு பார்த்தது?"

"நான்தான் சேர்."

அவர் உடைத்த காயை என் முன்னால் வைத்தார். நஸீராவிடம் கேட்டார், "எப்படித் தெரியும்?"

"எங்கட வாப்பாட சரக்குக் கடை சேர். பழைய காய் தோல்ல மணக்கும், உள்ளுக்கு மணக்காது. பொறந்ததுலருந்து அதுக்குள்ளதான் கிடந்த."

மறுநாள் அவரைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டார்கள். கையில் கரண்டி. எனக்கு அந்தக் கரண்டி வர எட்டு வருடம் எடுத்தது. நஸீராவுக்கு ஒரு ஏலக்காய்.

அன்றிலிருந்து எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. நான் மூன்று தரம் உறிஞ்சி யோசித்துச் சொல்லுகிறதை, நஸீரா ஊறின இலையைத் தூரத்தில் பிடித்து மணந்தே சொல்லிவிடுவார். அதுவும் சிரித்துக்கொண்டு. "அண்ணன், இதுல இஞ்சி இப்ப நல்லம், மூணு மாசத்துல செத்துரும்" என்பார். சொன்னபடியே மூன்று மாதத்தில் செத்துவிடும். நான் வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு போத்தல் போத்தலாக மணந்து பழகினேன். சின்ன மகள் பார்த்துவிட்டுத் தாயிடம் போய், அப்பாவுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று சொன்னாள். ஒரு மத்தியானம் பெரேரா சேர் தன்னுடைய கந்தளாய்த் தயிர்ச் சட்டியை நஸீரா பக்கம் நகர்த்தி, "போடு, போடு" என்றார். அந்தச் சட்டியை நான் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் அது என் பக்கம் நகர்ந்ததில்லை.

பிறகு, வெளிநாட்டிலிருந்து ஒரு வாங்குநர் வருகிறார் என்று செய்தி வந்தது. பெரேரா சேர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னார். "ஆளுக்கு ஒண்ணு கலக்குங்க. எது அவங்க வாங்குறாங்களோ, அந்த ஆளுக்குப் பிரிவு."

நான் தோடம்பழத் தோலும் கறுவாவும் போட்டேன். நஸீரா ஏலக்காயும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் போட்டார். வியாழக்கிழமை காலை பெரேரா சேர் இரண்டையும் பார்த்தார். என்னுடையதற்குப் "பரவாயில்ல" என்றார். நஸீராவுடையதை உறிஞ்சித் துப்பிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, "நல்லம்" என்றார்.

நல்லம். அவரிடம் அந்தச் சொல் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் பத்திரமாக எங்கேயோ வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தலை விண் விண் என்று இடிக்கத் தொடங்கியது. மத்தியானம் சோறு இறங்கவில்லை. மூன்றரை மணிக்குப் பொறுக்க ஏலாமல் அலுமாரிக்குப் பின்னால் போனேன். வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது பூச என்று மனைவி சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்திருந்த தைலப் போத்தலைத் திறந்து, நெற்றியின் இரண்டு பக்கமும் அள்ளித் தேய்த்தேன். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று சொல்லுகிற தட்டைப் படகில்தான் ஏறிப் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்ததுக்குக் கரையில் நிற்க வேண்டும். நஸீரா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அண்ணன், பாதை போயிரும். கலவை இன்னும் ஆறல்ல. என்ட தட்டை ஒருக்காப் பிரட்டி விடுறீங்களா?"

கலந்த தேயிலையை அகலமான தட்டில் பரப்பி, மணம் இறங்கும் வரைக்கும் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையால் பிரட்ட வேண்டும். உறை போடாத கை. உறை போட்டால் இலை முறிகிறது தெரியாது என்பது பெரேரா சேரின் சட்டம். ஒருவர் போனால் மற்றவர் பிரட்டுவது வழக்கம். ஓம் என்றேன்.

வேணுமென்று நான் அதைச் செய்யவில்லை. எந்தக் கோயிலில் கேட்டாலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் கை கழுவுகிற தொட்டி அந்தத் தட்டுக்கு மூன்றடி தள்ளித்தான் இருந்தது. நான் கழுவவில்லை. தைலம் பூசின பத்து விரலையும் இலைக்குள் விட்டு, அடியிலிருந்து மேலாக, கேட்டதற்கும் கூடவே நன்றாகப் பிரட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை பெரேரா சேர் நஸீராவின் கிண்ணத்தில் கரண்டியை விட்டார். உறிஞ்சினார். துப்பவில்லை. அப்படியே நின்றார். பிறகு துப்பிவிட்டு ஊறின இலையை எடுத்து மணந்தார்.

"இதில என்ன?"

நஸீராவும் மணந்தார். முகம் வெளுத்தது. "தெரியா சேர். நேத்து இப்பிடி இல்ல."

"கை காட்டு." வலது கையை மணந்தார், இடது கையை மணந்தார். "என்ன பூசினது?"

"ஒண்டும் பூசல்ல சேர். அல்லாவுக்குப் பொதுவா ஒண்டும் இல்ல."

"பொய் வேணாம்."

என் கையையும் அன்று காலை வாசலில் மணந்து பார்த்தவர்தான் அவர். அதற்குள் நான் மூன்று தரம் சவர்க்காரம் போட்டிருந்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும், அது ஒன்று. இரண்டாவது காரணம், சொல்லவே கூசுகிறது, எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. பெரேரா சேர் கிண்ணத்தை இரண்டு தரம் தட்டினார். "திங்கள் தொடக்கம் வெளியில நில்லு" என்றார்.

கழித்த தேயிலையானாலும் ஒரு சின்ன டின்னில் போட்டு, கலந்தவரின் பெயரை எழுதி, பின்தட்டில் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அந்த டின்னில் நஸீரா என்று எழுதினது நான்தான். என் கையெழுத்து அழகானது என்று எல்லாரும் சொல்லுவார்கள்.

அடுத்த கிழமை முழுதும் நான் உள்ளே தனிக்காட்டு ராசா. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கு நேரே நின்று நஸீரா லேபல் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் முதுகைக் காட்டி நின்றேன். ஒவ்வொரு நாளும் தலை இடித்தது. செவ்வாயும் வியாழனும் மறுபடி அலுமாரிக்குப் பின்னால் போனேன், ஆனால் இரண்டு தரமும் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை வாங்குநர் வந்தார். அறுபது வயது மதிக்கலாம், வெள்ளைக்காரப் பெண். விமானத்துக் குளிரும் வான் குளிரும் சேர்ந்து தடிமன் பிடித்து, மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. மேசையில் பன்னிரண்டு கிண்ணம். முதலாவது என்னுடையது. உறிஞ்சினார். தோளைக் குலுக்கினார்.

"ஒண்ணும் மணக்க இல்லையாம்," என்று பெரேரா சேர் எனக்குச் சொன்னார்.

பன்னிரண்டும் மணக்கவில்லை. அடைத்த மூக்குக்கு எது மணக்கும்? கெட்டிக்காரி, கிண்ணங்களை விட்டுவிட்டுப் பின்தட்டுப் பக்கம் போய், டின் டின்னாகத் திறந்து மூக்குக்குள் விடாத குறையாக மணக்கத் தொடங்கினார். ஒரு டின்னில் நின்றார். இன்னொருமுறை மணந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கையைத் தட்டிச் சிரித்தார். மூக்குத் திறந்துவிட்டதாம்.

பெரேரா சேருக்கு மனமில்லை, ஆனாலும் ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பெண் கரண்டியால் எடுக்கவில்லை. கிண்ணத்தையே தூக்கிக் குடித்தார். துப்பவில்லை. அந்த அறையில் ஒருவர் கிண்ணம் முழுவதையும் விழுங்கினதை நான் அன்றுதான் கண்டேன்.

"யாரு கலக்கினது?" என்று டின்னைத் திருப்பிப் பார்த்தார் பெரேரா சேர். அழகான கையெழுத்தில் நஸீரா.

என் வாய் திறந்துவிட்டது. சேர், அது என்னுடைய தைலம், என்னுடைய கை. இவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அந்தத் தேநீர் என்னுடையது. சொன்னால் நான் அறையில் தைலம் பூசினவன், பூசின கையைத் தேயிலைக்குள் விட்டவன், ஒருத்தி அதற்காக வெளியில் நிற்க ஒரு கிழமை வாய்மூடி இருந்தவன். பெருமையும் மானக்கேடும் ஒரே வசனத்தில் வந்தன. ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல வழியில்லை. வாயை மூடினேன்.

நஸீராவைக் கூப்பிட்டார்கள். பசை ஒட்டின விரலைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இது திரும்ப செய்ய ஏலுமா?"

நஸீரா டின்னை மணந்தார். தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏலும் சேர். பத்து நாள் தாங்க."

புதினா, கற்பூரவள்ளி இலை, கராம்பு என்று ஒவ்வொன்றாகக் காயவைத்து அந்த மணத்தைத் தேடினார். ஒவ்வொரு நாளும் ஒரு கிண்ணத்தை என்னிடம் நீட்டுவார். "அண்ணன், இதானா? சரியாப் பாருங்க." நானும் மடையன் மாதிரி, "இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி வேணும், கராம்பு கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மணத்தை என்னைவிட யாருக்குத் தெரியும்? பத்தாம் நாள் அது அச்சொட்டாக என் நெற்றி மாதிரி மணத்தது. பிரிவு நஸீராவுக்குப் போனது. அதுவரைக்கும் "நீர்" என்று கூப்பிட்டவரை அன்றிலிருந்து "நீங்கள்" என்று கூப்பிட்டேன். நாக்குக் கசந்தது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் நான் அதே கரண்டியோடு நின்றேன். பச்சை டின் கப்பல் கப்பலாகப் போனது. கம்பெனி நாட்காட்டியில் நஸீராவின் படம் வந்தது. என் மனைவி தடிமனுக்கு அந்த டின்னைத்தான் வாங்கி வைப்பாள், "உங்கட நஸீரா கெட்டிக்காரி" என்று சொல்லியே ஊற்றித் தருவாள். பெரேரா சேர் இளைப்பாறின அன்று எல்லாருக்கும் கை கொடுத்தார். என் முறை வந்தபோது பழக்கதோஷத்தில் என் உள்ளங்கையைக் குனிந்து மணந்து, "பரவாயில்ல" என்றார். அந்த மனிதருக்கு ஏதாவது தெரியுமோ என்று யோசித்து எத்தனையோ நாள் சோறு செல்லவில்லை.

இளம் முகாமையாளர் கதை கேட்ட பிறகு, எழுதுகிறதென்றால் முதலில் நஸீராவிடம் சொல்லிவிட்டு எழுதுவோம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி, பாலத்தால் கிண்ணியாவுக்குப் போனேன். நஸீராதான் இப்போதும் பிரிவுக்குப் பொறுப்பு. முகத்தில் கொஞ்சம் வயது ஏறியிருக்கிறது, சிரிப்பு அதே சிரிப்பு. முன்னறைக் கதிரையில் இருத்தி, வெறும் தேத்தண்ணியும் தேங்காய்ப்பாலில் கிண்டின தொதலும் கொண்டுவந்து வைத்தார். பச்சை டின் இல்லையா என்று கேட்டேன். "அது தலையிடி வந்தாத்தான்" என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "நஸீரா, அண்டைக்கு உங்கட தட்டைப் பிரட்டினது நான். கையில தைலம் இருந்தது. கழுவேல்ல. தெரிஞ்சுகொண்டும் சொல்லாமல் விட்டனான்."

"தெரியும் அண்ணன்."

"எப்பிடி?"

"கண்ணாடிக்கு வெளிய நிண்ட கிழமை. நீங்க அலுமாரிக்குப் பின்னால போய்ப் பூசினத்த லேபல் ஒட்டிக்கிட்டே பாத்துட்டன். அப்பத்தான் விளங்கின."

"பெரேரா சேரிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்த. சனிக்கிழமை சேர் தனிய இருப்பார், அப்ப சொல்லுவம் எண்டு. வெள்ளிக்கிழமை அந்தப் பொம்புள வந்து குடிச்சிட்டா." தொதல் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார். "பொறகு சொன்னா அது ஒங்கட தேத்தண்ணியாப் போயிருமே. அதால வாயப் பொத்திக்கிட்டன். இத்தின வருஷமா அது மனசுல கிடக்கி அண்ணன். நீங்கதான் என்ன மன்னிக்கணும்."

மன்னிப்புக் கேட்க பஸ் ஏறிப் போனவன் நான். அதிலும் முந்திக்கொண்டுவிட்டார். ஒரு துண்டு தொதலை எடுத்து வாயில் போட்டேன். பிறகு நஸீரா சொன்னார்:

"அந்தக் கிழமை ஒங்களக் காணவே எனக்கி வயித்தெரிச்சல். நீங்க உள்ளுக்க கரண்டியோட, சேருக்குப் பக்கத்துல. நான் வெளிய பசையோட. அப்பிடி ஒரு பொறாம."

எனக்குக் காது கேட்டது சரியா என்று சந்தேகம் வந்தது. "என்னிலயோ?" என்று கேட்டேன். "ஒங்களிலதான்" என்றார். உள்ளங்கால் தொடக்கம் உச்சி வரைக்கும் ஒரு சூடு ஏறியது. என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதுவும் நஸீரா! பிரிவு, நாட்காட்டி, தயிர்ச் சட்டி, "நல்லம்" எல்லாவற்றையும் அந்த நிமிடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டேன். இத்தனை வருடமும் நான் ஒருவனாகச் சுமந்ததை அவரும் மறுபக்கத்தில் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். தொதலை இன்னொரு துண்டு எடுத்தேன். ஆசை யாரை விட்டது, இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

"எவ்வளவு காலம் அப்பிடி இருந்தது?"

நஸீரா யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

"அந்த ஒரு கிழமைதான் அண்ணன். பொறகு வேல கூடிட்டு."

திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் ஏறியது. யன்னலோரம் இருந்தபடி விரலை மடித்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒரு கையோடு முடிந்துவிட்டது. என்னுடையதை எண்ணுகிறதென்றால் அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேருடைய விரலும் காணாது.